டெஸ்டோஸ்டீரான் ஊசி: இரண்டு வாரமா, நான்கு வாரமா?

கேள்வி: எனக்கு வயது 42. காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறேன், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. எடை 91 கிலோ. சோர்வும் தாம்பத்தியத்தில் நாட்டமின்மையும் இருந்ததால் சென்ற ஆண்டு மருத்துவரைப் பார்த்தேன். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, தூங்காமல், மதியம் ரத்தம் கொடுத்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரான் 261 என்று வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மில்லிகிராம் ஊசி போடத் தொடங்கினார்கள். ஊசி போட்ட மூன்றாம் நாள் பரிசோதித்தபோது 1,180 இருந்தது. உடனே நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். பிறகு ஊசிக்கு முந்தைய நாள் பார்த்தபோது 232. வேறொரு மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒன்று போடச் சொன்னார். நான்கு மாதமாக அப்படித்தான் போடுகிறேன். முதல் வாரம் உற்சாகமாக இருக்கிறது. பிறகு எரிச்சலும் அசதியும் வந்துவிடுகின்றன. இப்போது ஹீமோகுளோபின் 17.6, ஹெமட்டோகிரிட் 53 சதவீதம். வாரம் ஒரு ஊசி போட்டால் இந்த ஏற்ற இறக்கம் இருக்காது என்கிறார் ஜிம் நண்பர். எது சரியான அளவு? இரண்டாவது குழந்தைக்கும் முயற்சி செய்துகொண்டிருக்கிறோம். மனைவிக்கு வயது 35.

பதில்: மிக முக்கியமான செய்தியைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்ட அளவுக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

1,180, 232 ஆகிய இரண்டு எண்களும் பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்து மருந்தளவை மாற்றியிருக்கக் கூடாது. உங்களுக்குப் போடுவது எண்ணெயில் கரைத்த டெஸ்டோஸ்டீரான் கலவையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஊசி போட்ட முதல் சில நாட்களில் ரத்தத்தில் ஹார்மோன் உச்சத்துக்குப் போய், பிறகு படிப்படியாக இறங்கும். கிருஷ்ணகிரி அணையில் மதகைத் திறந்த மறுநாள் காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணையைப் பார்த்துவிட்டு, ஆண்டு முழுவதும் ஆறு இப்படித்தான் ஓடுகிறது என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? மூன்றாம் நாள் எடுத்த ரத்தம் அந்த வகை. நான்கு வாரம் கழித்து, ஊசிக்கு முந்தைய நாள் எடுத்ததோ மதகை மூடி வெகுநாள் ஆன பின் பார்த்த ஆறு. முதலாவதைப் பார்த்துக் குறைத்தார்கள், இரண்டாவதைப் பார்த்துக் கூட்டினார்கள். இடையில் உங்கள் உடம்புதான் அலைக்கழிந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் எண்ணெய் ஊசிகளில், இரு ஊசிகளுக்குச் சரியாக நடுவே ரத்தம் எடுப்பதே வழக்கம். அப்போது ஒரு டெசிலிட்டருக்கு 350 முதல் 600 நானோகிராம் வரை இருந்தால் போதும். ஊசிக்கு முந்தைய நாள் எடுப்பதாக இருந்தால், எண் இயல்பு அளவின் அடிவரம்புக்குக் கீழே போகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அது நடுநாள் அளவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சில ஆய்வகங்கள் நானோமோல் என்ற வேறு அலகில் அறிக்கை தரும். 300 நானோகிராம் என்பது அங்கே ஏறக்குறைய 10.4 என்று இருக்கும். எண் சுருங்கிவிட்டதே என்று பதற வேண்டாம். இன்னொன்று, அளவையோ இடைவெளியையோ மாற்றிய உடனே பரிசோதிப்பதில் பயனில்லை. புதிய முறையில் சில ஊசிகள் போன பிறகுதான் ரத்த அளவு ஒரு நிலைக்கு வரும். மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதே நியாயம்.

இப்போது வாரக் கணக்குக்கு வருவோம். 250 மில்லிகிராமை மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டால் வாரத்துக்குச் சராசரி 83. நான்கு வாரத்துக்கு என்றால் 62. இரண்டு வாரத்துக்கு என்றால் 125. இதுபோன்ற எண்ணெய் ஊசிகளில் ஆண்களுக்கு ஈடுசெய்யும் சிகிச்சையாகப் பொதுவாகப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 75 முதல் 100 மில்லிகிராம். ஆக, உங்களுடைய முதல் அளவு பெரிய தவறில்லை. இப்போதைய அளவுதான் கூடுதல். நண்பர் சொல்லும் வாரம் ஒரு முழு ஊசி என்பது 250. அது சிகிச்சை அல்ல, உடம்பை ஊத வைக்கும் ஜிம் கணக்கு. அவர் பேச்சில் ஒரு பாதி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடைவெளியைக் குறைத்தால் ஏற்ற இறக்கம் குறையும்தான். ஆனால் இடைவெளியைக் குறைக்கும்போது ஒவ்வொரு முறையும் போடும் அளவையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். அந்த இரண்டாவது பாதியை ஜிம்மில் யாரும் சொல்வதில்லை. உங்கள் ஊசியில் அதற்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: ஒரு மில்லி ஆம்பூலை உடைத்துப் பாதியைப் போட்டுவிட்டு மீதியை அடுத்த வாரத்துக்கு எடுத்துவைக்கக் கூடாது. கிருமி சேர்ந்துவிடும். மீதியைக் கொட்டத்தான் வேண்டும்.

ஊசி போட்ட இடத்தில் தடிப்போ அரிப்போ வந்தால் மருந்துப் பெட்டியைப் படித்துப் பாருங்கள். இவ்வகை ஊசிகள் பலவற்றில் கரைப்பானாக இருப்பது நிலக்கடலை எண்ணெய். கடலை விளையும் ஊரில் கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய எண் 53. ஹெமட்டோகிரிட் என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்று சொல்வது. டெஸ்டோஸ்டீரான் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். ரத்தம் கெட்டிப்படும். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, அளவு இறங்கிய பிறகு குறைந்த அளவில் மீண்டும் தொடங்க வேண்டும் என்பது விதி. நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள். இந்த எண் இருக்கும்போது ஊசியைக் கூட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சிகிச்சையின் தொடக்கத்திலும், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் இதைப் பார்த்தாக வேண்டும். உங்களுக்குத் தொடக்கத்தில் எத்தனை இருந்தது என்று கடிதத்தில் இல்லை. பழைய சீட்டைத் தேடுங்கள். அப்போதே 48-க்கு மேல் இருந்திருந்தால், ஊசியைத் தொடங்கும் முன் காரணத்தைத் தேடியிருக்க வேண்டும்.

ஊசி மட்டுமே காரணம் என்றும் முடிவு கட்டாதீர்கள். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தாலும் இந்த எண் கூடும். நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஒருமுறை மறுபடி பாருங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தாலும் கூடும். முக்கியமாக, நீங்கள் பெரிதாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். 91 கிலோ எடையும் சர்க்கரையும் உள்ளவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்க வாய்ப்பு உண்டு. அது சிவப்பணுவைக் கூட்டும். பகல் சோர்வுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ரத்த தானம் செய்துகொண்டே ஊசியைத் தொடரலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கூடுதல் அளவைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ரத்தத்தை வெளியேற்றுவது எனக்குச் சம்மதமில்லை. இரும்புச் சத்துதான் வற்றிப்போகும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சுத் திணறினால், மார்பு வலித்தால், கை கால் இழுத்தால் எந்த ஆலோசனைக்கும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஊசி போட்டால் மாரடைப்பு வருமா என்று நீங்கள் கேட்கவில்லை. சர்க்கரை இருப்பதால் நானே சொல்கிறேன். இதய நோய் அபாயமுள்ள, டெஸ்டோஸ்டீரான் குறைந்த சுமார் 5,200 ஆண்களிடம் ஜெல் வடிவில் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. மாரடைப்போ பக்கவாதமோ கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புச் சீர்குலைவு, சிறுநீரகப் பாதிப்பு, நுரையீரலில் ரத்தக் கட்டி ஆகியவை சற்றுக் கூடுதலாக இருந்தன. அவர்கள் 45 வயதைக் கடந்தவர்கள், ஊசி போட்டவர்களும் அல்லர். எனவே அதை அப்படியே உங்களுக்குப் பொருத்திவிட முடியாது.

சிகிச்சை தொடர்ந்துதான் ஆக வேண்டும் என்று முடிவானால், ஏற்ற இறக்கமும் சிவப்பணுப் பெருக்கமும் ஊசியைவிடக் குறைவாக உள்ள வழி ஜெல். ஒரு சதவீத ஜெல்லில் ஐந்து கிராம் பாக்கெட் என்றால் 50 மில்லிகிராம். தினமும் குளித்துத் துடைத்தபின் தோளிலோ மேற்கையிலோ தடவி, உலர்ந்ததும் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். தடவிய இரண்டு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து அளவைச் சரிசெய்வார்கள். தடவிய கையிலேயே ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் எண் பொய்யாக ஏறும். கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். தோலிலிருந்து தோலுக்கு மருந்து ஒட்டிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கேடு செய்யும். 1,000 மில்லிகிராம் நீள்கால ஊசியும் இருக்கிறது. முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, அதன் பின் 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை. அதில் அளவை மாற்றுவதில்லை. அடுத்த ஊசிக்கு முன் ரத்தம் பார்த்து இடைவெளியைத்தான் மாற்றுவார்கள். உள்ளே போனால் மாதக்கணக்கில் தங்கும் மருந்து என்பதால், உங்கள் நிலையில் அது வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதற்குக் கடைசி வரிதான் காரணம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரான் வந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, போதுமான அளவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, விதைகளுக்கு அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி சரியும். பலருக்கு முற்றிலும் நின்றுவிடும். இது அரிதான பக்க விளைவு அல்ல. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரான் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனமே சோதித்துப் பார்த்திருக்கிறது. அந்த முடிவுகள் 1990-இல் வெளியாயின. நண்பர் சொல்லும் அளவு அதையும் தாண்டுகிறது. குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டே இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது, ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் சாத்துவதுதான். எனவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இரண்டு வாரமும் சரியில்லை, மூன்று வாரமும் சரியில்லை. குழந்தை வேண்டும் என்றிருக்கும்வரை உங்களுக்குச் சரியான அளவு என்று ஒன்று கிடையாது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் விந்தணு திரும்பும். சிலருக்கு இன்னும் நாளாகும். மனைவிக்கு 35 வயது என்பதால் அந்தக் காலத்தை வீணாக்கக் கூடாது. விதைகளையே தூண்டி ஹார்மோனைச் சுரக்க வைக்கும் எச்.சி.ஜி. போன்ற ஊசிகள் இருக்கின்றன. அவற்றை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரோ குழந்தைப்பேறு மருத்துவரோ முடிவு செய்யட்டும். பேருந்து நிலையச் சுவரொட்டியில் லாட்ஜ் அறை எண் போட்டு விளம்பரம் செய்பவரிடம் மட்டும் போய்விடாதீர்கள்.

அந்த 261-ஐயும் நான் முழுதாக நம்பவில்லை. இந்த ஹார்மோன் தூங்கி எழுந்த நேரத்தில் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கும். இரவெல்லாம் விழித்திருந்தவரின் மதிய ரத்தம் எதையும் தீர்மானிக்கப் போதாது. வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை, காலையில் வெறும் வயிற்றில் எடுத்தால்தான் குறைவு என்று சொல்ல முடியும். ஷிஃப்ட் வேலைக்காரருக்குப் பகல் ஷிஃப்ட் வாரத்தின் பிற்பகுதியில், இரவில் நன்றாகத் தூங்கி எழுந்த பின் எடுக்க வேண்டும். உடல் பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டீரானைச் சுமக்கும் புரதம் குறைவதால், மொத்த அளவு குறைந்து தெரிந்தாலும் உடம்பு பயன்படுத்தும் பங்கு போதுமானதாக இருக்கலாம். எடையைக் கணிசமாகக் குறைத்தாலே எண் ஏறுவதும் உண்டு. முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். அது சில கருவிகளில் முடிவைத் திரித்துவிடும். இனி எடுக்கும்போது எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் ஊசியின் தாக்கம் போகும்வரை, அதாவது சில மாதங்களுக்கு, உங்கள் சொந்த அளவு தெரியாது. அந்தக் காலத்தில் அசதி கூடும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி ஊசிக்கு ஓடுபவர்கள் அதிகம். சர்க்கரை அளவும் சற்று மாறக்கூடும், அடிக்கடி பாருங்கள்.

அடுத்த ஊசியைப் போடாமல், அதற்குரிய நாள் வருவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். இதுவரை எந்தத் தேதியில் ஊசி, எந்தத் தேதியில் ரத்தம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். விந்துப் பரிசோதனை, மறு ஹெமட்டோகிரிட் ஆகிய இரண்டு முடிவுகளையும் எடுத்துக்கொண்டு, மனைவியுடன் போங்கள். இந்த ஹார்மோன்களுக்கென்றே பயிற்சி பெற்றவர் அருகில் இல்லையென்றால் சேலமோ பெங்களூரோ ஒருமுறை போய் வருவது தகும்.