சாம்பியன் இல்லாத ஆண்டுகளை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி: எகிப்து பிரிமியர் லீக் கால்பந்து சாம்பியன்களை ஆண்டுவாரியாகத் தொகுத்து வருகிறேன். 2010-11 முதல் 2012-13 வரையான மூன்று சீசன்களும் குழப்புகின்றன. பாதியில் நின்றவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா? கெய்ரோ அணியான அல் அஹ்லி தொடர்ந்து எட்டு முறை வென்றது என்று எழுதலாமா?

பதில்: நீக்க வேண்டாம். முதலில், நிறுத்திவைக்கப்பட்ட சீசனையும் ரத்தான சீசனையும் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும்.

2011 ஜனவரி 25 அன்று அதிபர் முபாரக்கின் ஆட்சிக்கு எதிரான எழுச்சி தொடங்கியதும் லீக் நின்றது. ஆனால் ஏப்ரல் நடுவில் மீண்டும் தொடங்கி முழுமையாக ஆடி முடிக்கப்பட்டது. ஆகவே, அல் அஹ்லி பெற்ற பட்டம் எந்தக் குறிப்பும் தேவைப்படாத முழுப் பட்டம். அந்த ஆண்டு எந்த அணியும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படவில்லை என்பதை மட்டும் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சீசனில் அணிகள் 16-லிருந்து 19 ஆனது ஏன் என்று உங்கள் வாசகருக்குப் புரியாது.

2011-12 சீசன் அப்படிப்பட்டதல்ல. 2012 பிப்ரவரி 1 அன்று போர்ட் சயீத் நகரில் உள்ளூர் அணியான அல் மஸ்ரி அல் அஹ்லியை 3-1 என வென்ற ஆட்டம் முடிந்தவுடன் கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. அஹ்லி ரசிகர்கள் தப்பி ஓடிய வழியில் வாயிற்கதவு பூட்டிக் கிடந்ததால், நெரிசலிலும் தாக்குதலிலும் 74 பேர் இறந்தார்கள். முபாரக்குக்கு எதிரான எழுச்சியின்போது கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் முன்வரிசையில் நின்ற ரசிகர் குழுக்களைப் பழிவாங்கவே காவல்துறை கைகட்டி நின்றது என்று அக்குழுவினர் உறுதியாகச் சொன்னார்கள். அதே இரவில் கெய்ரோவில் நடந்துகொண்டிருந்த ஜமாலெக் - இஸ்மாயிலி ஆட்டம், செய்தி எட்டியதும் இடைவேளையோடு நிறுத்தப்பட்டது. இதை டிரா என்று எழுதிவிடாதீர்கள், "கைவிடப்பட்டது" என்றே எழுதுங்கள். மார்ச் மாதம் லீக் முழுவதும் ரத்தானது.

2012-13 சீசன் ஓராண்டு கழித்து, 2013 பிப்ரவரியில்தான் தொடங்கியது. 18 அணிகள் ஒன்பது ஒன்பதாகப் பிரிந்து, ரசிகர்களை அனுமதிக்காத மைதானங்களில் ஆடின. ஜூலை 3-ல் அதிபர் மோர்சி பதவியிலிருந்து அகற்றப்பட்டதைத் தொடர்ந்த கொந்தளிப்பில் அதுவும் கைவிடப்பட்டது. பட்டத்தைத் தீர்மானிக்க வேண்டிய இறுதிச் சுற்று நடக்கவேயில்லை. எனவே பிரிவுப் பட்டியலில் முதலில் நின்ற அணியைச் சாம்பியன் ஆக்குவது பிழை.

எட்டு முறை பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். அஹ்லி 2004-05 முதல் 2010-11 வரை ஏழு பட்டங்களும், பிறகு 2013-14-இல் ஒன்றும் வென்றது. "முடிவு கண்ட சீசன்களில் தொடர்ந்து எட்டு" என்பது சரி. வெறுமனே "தொடர்ந்து எட்டு ஆண்டுகள்" என்பது தவறு. இடையில் 2012-லும் 2013-லும் அந்த அணி ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கை வென்றிருப்பதால், லீக் இல்லாத அந்த ஆண்டுகளில் அணி சும்மா இருந்ததாக எண்ணத் தோன்றும் வெற்றிடத்தையும் விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கண்ட அளவிலான போட்டிகளுக்குத் தனி நெடுவரிசை போடுங்கள்.

ரத்தான இரு சீசன்களுக்கும் தனித்தனி வரிசை கொடுத்து, சாம்பியன் கட்டத்தில் கோடிட்டு, அருகில் காரணத்தை எழுதுங்கள். அங்கே "அரசியல் சூழல்" என்று பொதுவாக எழுதிக் கடந்துவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். 2011-12-க்கு எதிரே "போர்ட் சயீத், 74 பேர்" என்றே இருக்கட்டும்.