எண்ணெய்க் கிண்ணம் ஒன்று, ஜெல் டியூப் ஒன்று

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணமாகிப் பத்து வருஷம், இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு வயலும் உண்டு, உரக்கடையும் உண்டு. ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு வருவார். பகலில் பேசிக்கொள்ளவே நேரம் இல்லை. அதனால் படுக்கப்போகும் முன் அரை மணி நேரம் எங்களுக்கென்று ஒதுக்கினோம். முகம் கழுவி கிரீம் போடுவது, ஒருவருக்கொருவர் காலும் முதுகும் பிடித்துவிடுவது, மனசு இருந்தால் அப்படியே தாம்பத்தியம். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சிக்கல். எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெயையே பயன்படுத்தினோம்; ஒருநாள் ஆணுறை கிழிந்துவிட்டது. நல்லவேளை, தீட்டு தள்ளிப்போகவில்லை. எனக்கு உள்ளே வறட்சியும் எரிச்சலும் இருக்கிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று நலங்கு மாவும், கடையில் விற்கும் வாசனை வாஷும் போட்டுக் கழுவுகிறேன். அவருக்குத் தொடையிடுக்கில் அரிப்பு. மெடிக்கலில் வாங்கின டியூபைப் போட்டால் இரண்டு நாளில் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. இப்போது என் இடுப்பிலும் வட்டமாக ஒன்று வந்திருக்கிறது. மாமியாரோ, ‘ராத்திரியில எண்ணெய் தேய்ச்சா சளி பிடிக்கும்’ என்கிறார்.

இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாலே, அடுத்தது அதுதான் என்று எனக்கு உடம்பு இறுகிவிடுகிறது. இந்தப் பழக்கத்தையே விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம்,
திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

விடவேண்டாம். நீங்கள் இருவரும் கண்டுபிடித்திருப்பது நல்ல வழக்கம். ஒரே எண்ணெயை எல்லா இடத்துக்கும் போட்டதும், ஒரு தொடுதல் கட்டாயம் இன்னொன்றில் போய் முடியவேண்டும் என்று ஆனதும்தான் அதைக் கெடுத்திருக்கின்றன. இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி தோல்நோய். அதற்கு மருந்து இருக்கிறது.

முதலில் ஆணுறை. இங்கே கிடைப்பவை பெரும்பாலும் லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால். எண்ணெய் பட்டால் அது வலு இழக்கும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின், பேபி ஆயில், உடம்புக்குப் போடும் லோஷன் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். பேபி ஆயில் என்பது மினரல் ஆயில். அதில் 60 நொடி இருந்தாலே லேடெக்ஸின் வலு ஏறத்தாழ 90 சதவீதம் குறைகிறது என்று 1989லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். உறையின் மேல் நேராகத் தடவியிருக்கவேண்டும் என்பதில்லை. முதுகு பிடித்த கையில் ஒட்டியிருந்த எண்ணெயோடு பாக்கெட்டைப் பிரித்தாலே போதும். இனிமேல் கிழிந்தால் மாதவிலக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போடவேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாளுக்குள் காப்பர் டி வைத்துக்கொள்வது அதைவிட உறுதியான வழி.

ஆகவே எண்ணெய்க்கு ஒரு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்: தொப்புளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே எண்ணெய் வேண்டாம். பிடித்துவிட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், விரல் இடுக்கு வரை. அந்தரங்கத்துக்குத் தனியாக, தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் ஜெல். தொடங்க அரைத் தேக்கரண்டி போதும். நடுவில் காய்ந்து பிசுபிசுத்தால் ஜெல்லை இன்னும் பிதுக்கிக்கொண்டே போகாமல் விரலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தொட்டு வைத்தால் திரும்ப வழுக்கும். சிலிக்கோன் ஜெல்லும் லேடெக்ஸைக் கெடுக்காது, சீக்கிரம் காயாது, விலைதான் கூடுதல்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மெடிக்கலில் தயக்கத்தோடு ‘ஜெல்லி ஒன்னு குடுங்க’ என்று கேட்டால் லிக்னோகைன் ஜெல்லியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது மரத்துப்போகச் செய்யும் மருந்து. இரண்டு பேருக்கும் உணர்ச்சி மங்கும், புண் ஏற்பட்டாலும் வலி தெரியாது. டியூபில் ‘லிக்னோகைன்’ என்ற சொல் இருந்தால் வாங்காதீர்கள். சூடேற்றும், குளிர்விக்கும் என்று விளம்பரம் செய்யும் வகைகளும் வாசனை சேர்த்தவையும் வேண்டாம். கிளிசரின் மிகுந்த ஜெல் அடர்த்தி கூடியது. உள்தோலிலிருந்து நீரை இழுத்து எரிச்சலைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் இந்த அடர்த்திக்கு 1200 என்று மேல்வரம்பு சொல்கிறது. பாக்கெட்டில் ‘ஆஸ்மொலாலிட்டி’ என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் பாருங்கள்.

அடுத்து, கழுவுவது. நலங்கு மாவு முகத்துக்கும் கைகாலுக்கும் அருமையானது. உள்ளே அதற்கு வேலையே இல்லை. பெண்ணுறுப்பின் உட்பக்கம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கே வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அமிலம் சுரந்து பிஎச் எனும் அமில அளவை (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. குளியல் சோப்பின் பிஎச் 9, 10. சோப்பும் வாஷும் போட்டுக் கழுவக் கழுவ அந்த நுண்ணுயிர்கள் அழிந்து, வெள்ளைப்படுதலும் மீன் வாடையும் வரும். வாடை வருகிறதே என்று இன்னும் கழுவத் தோன்றும். மாவின் துகள் மடிப்புகளில் தங்கி உரசும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும். ஒரு மாதம் அப்படி இருந்து பாருங்கள், எரிச்சல் பெருமளவு குறைய வாய்ப்பு உண்டு. அவரும் முன்தோலைப் பின்தள்ளித் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைக்கவேண்டும்.

வறட்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. தாய்ப்பால் கொடுக்கும் காலம், மாதவிலக்கு நிற்கப்போகும் வயது, சில கருத்தடை மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள். அறுவடைத் தூசியால் தும்மல் என்று தினமும் அலர்ஜி மாத்திரை போடுகிறவர்களுக்கும் உடம்பில் ஈரப்பசை குறையும். இதில் எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள்.

இப்போது அந்த அரிப்பு. நீங்கள் சொல்வது படர்தாமரை மாதிரிதான் இருக்கிறது. சம்பா வயலில் ஈர வேட்டியோடு நின்று, அதே ஈரத்தோடு கடையில் உட்கார்ந்தால் தொடையிடுக்கில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இரண்டு நாளில் அடங்கித் திரும்ப வருகிறது என்பதிலிருந்து, மெடிக்கல் டியூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அதுதான். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும். தொடையிடுக்கின் தோல் மெல்லியது. மாதக்கணக்கில் போட்டால் கோடு கோடாக விரிந்து தழும்பாக நின்றுவிடும், அது மறையாது. முகத்துக்கு வாங்கும் ‘வெள்ளை ஆகும்’ கிரீம்கள் பலவற்றிலும் இதே சரக்குதான்.

ஸ்டீராய்டு இல்லாத, பூஞ்சைக்கு மட்டுமான கிரீமை வட்டத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவவேண்டும். அடையாளம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடரவேண்டும். இருவரும் ஒரே நாளில் தொடங்கவேண்டும். ஒருவருக்கு மட்டும் பார்த்தால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். துண்டு தனித்தனி. உள்ளாடை, லுங்கி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். பலரும் மறந்துவிடுவது அரைஞாண் கயிறு. வியர்வையில் ஊறிய கறுப்புக் கயிற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், முடிச்சு எப்போதும் ஈரமாகவே இருக்கும். அதன் அடியில் இடுப்பைச் சுற்றி வரிசையாக வட்டங்கள் கிளம்பும். கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, குணமான பிறகு புதிது கட்டட்டும். முழுதும் ஆறும்வரை அந்த இடங்களை எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், தோலோடு தோல் உரசும் உறவும் வேண்டாம். தலையையும் தோளையும் கையையும் பிடித்துவிடத் தடையில்லை.

கால் பிடிப்பதற்கு முன் விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறிப்போய்த் தோல் உரிந்திருந்தால் சேற்றுப்புண். அதன் மேல் எண்ணெய் வேண்டாம். கழுவி, உலர்த்தி, அதே பூஞ்சை கிரீம். முதுகிலோ மார்பிலோ தேமல் இருந்தாலும் எண்ணெயை நிறுத்துங்கள். தேமலை உண்டாக்கும் பூஞ்சை கொழுப்பைத் தின்று வளர்வது. நாம் தடவும் எண்ணெய் அதற்குச் சாப்பாடு. கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் பிடித்தே விடக்கூடாது. ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும்.

எண்ணெய் போடும் முறை சுருக்கமாக. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்கு மேல் போகாத குளியல். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று மேலும் மேலும் தேய்ப்பதில்தான் தோல் வறள்கிறது. அக்குள், தொடையிடுக்கு, பாதம் மூன்றுக்கும் மட்டும் சோப்பு போதும். துடைத்த மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர். கிண்ணத்தில் 10 மில்லி நல்லெண்ணெய் எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மூன்று நிமிடம் வையுங்கள். அடுப்பில் நேரே காய்ச்சவேண்டாம். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதுகுக்கு அந்த 10 மில்லி, ஒரு காலுக்கு 5 மில்லி. அதற்கு மேல் ஊற்றினால் கை வழுக்குமே தவிரப் பிடிக்காது. தண்டுவடத்தின் மேல் அழுத்தாமல் அதன் இருபுறமும் இடுப்பிலிருந்து தோளுக்கு மேல்நோக்கி. பழைய வேட்டி ஒன்றை விரித்துக்கொண்டால் மெத்தை தப்பும். முடிந்ததும் துண்டால் துடைத்துவிடவேண்டும். எண்ணெய் காலோடு சிமென்ட் தரையில் நடந்தால் இடுப்பு முறியும். புழுக்கமான ராத்திரிகளில் துடைக்காமல் படுத்தால் காலையில் வேர்க்குரு. உங்கள் தாலிக் கயிற்றைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், எண்ணெய் ஏறினால் கழுத்தில் அரித்துப்போகும்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைக்காமல் கைகாலோடு நிறுத்திவிட்டால் அவர் பயத்துக்கும் இடமில்லை, உங்கள் கூந்தலும் ஈரமாக இருக்காது.

முக கிரீம்களில் வரிசைதான் முக்கியம். ரெட்டினால், சாலிசிலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு போன்றவற்றைப் போட்டுக்கொண்டு நெருங்கினால் அது கணவர் உதட்டிலும் கன்னத்திலும் ஏறும், எரியும். பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையின் சாயத்தையும் வெளுக்கும். அவற்றையெல்லாம் கடைசியில், தூங்கும் முன் போடுங்கள். கர்ப்பத்துக்கு முயன்றால் ரெட்டினால் கூடாது. கொசுவுக்கு உடம்பில் கிரீம் பூசுவதற்குப் பதில் வலையைக் கட்டுங்கள். சமையலில் பச்சைமிளகாய் நறுக்கிய கையைக் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, பிறகு பாத்திர சோப்பால் கழுவினால்தான் காரம் போகும். வெறும் தண்ணீருக்குப் போகாது. தலைவலித் தைலம் தொட்ட கைக்கும் இதுவே. இந்த ஒன்றை மறந்துவிட்டு ‘உள்ளே எரிகிறது’ என்று பயப்படுகிறவர்கள் நிறைய.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கால் பிடிப்பது முன்பணம் மாதிரி ஆகிவிட்டால் உடம்பு இறுகத்தான் செய்யும். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970ல் வெளியிட்ட ஒரு பயிற்சி இதற்கென்றே உண்டு. இன்றைக்கும் பாலியல் ஆலோசகர்கள் பலர் அதைச் சொல்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு உடலுறவு கிடையாது என்று இருவரும் முன்கூட்டியே வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளவேண்டும். ஒருவர் 15 நிமிடம் தொடவேண்டும், மற்றவர் சும்மா வாங்கிக்கொள்ளவேண்டும், பிறகு மாற்றிக்கொள்ளவேண்டும். மார்பும் பிறப்புறுப்பும் முதலில் விலக்கு. தொடுகிறவர் ‘பிடிக்குதா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கக்கூடாது. பிடிக்காத இடத்தில் மற்றவர் அவர் கையை நகர்த்தி வைத்தால் போதும். பிறகு படிப்படியாக விலக்கைத் தளர்த்தலாம். இடையில் ஆசை கிளம்பினாலும் அன்றைக்குப் பேசினபடியே நிறுத்துங்கள். ‘இன்னைக்கு இதோட சரி’ என்று அவர் சொல்லி, சொன்னபடி நடந்துகொண்டால்தான் அடுத்த நாள் உங்கள் கால் இறுகாமல் இருக்கும். படர்தாமரை ஆறுவதற்கு எப்படியும் சில வாரம் ஆகும். அந்த வாரங்களையே இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசை முதலில் வந்துதான் நெருக்கம் வரவேண்டும் என்றும் இல்லை. பலருக்கு, முக்கியமாகப் பல வருஷம் சேர்ந்து வாழ்ந்த பெண்களுக்கு, நிம்மதியான தொடுதலுக்குப் பிறகுதான் ஆசை எழும். கனடா மருத்துவர் ரோஸ்மேரி பேசன் 2000ல் இதை விளக்கி எழுதினார். நீங்கள் குறையுள்ளவர் என்று நினைக்கவேண்டாம். கணவருக்கும் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு மாதத்தில் எரிச்சல் குறையாவிட்டால், வெள்ளைப்படுதல் தயிர்த்திப்பியாகவோ வாடையோடோ இருந்தால், உறவுக்குப் பின் ரத்தக்கசிவு கண்டால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கணவருக்கு முன்தோலில் வெடிப்போ வெண்படலமோ இருந்தால் சர்க்கரை அளவைச் சோதிக்கவேண்டும்; சில சர்க்கரை மாத்திரைகளே அங்கே பூஞ்சையை வரவழைக்கும். படர்தாமரைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்கு இருவரும் ஒரே நாளில் போங்கள். அந்த டியூபை அட்டையோடு கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மாதமாகப் போடுகிறார் என்பதையும் அவரே சொல்லட்டும்.

அன்புடன்,
அக்கா