கைகள் கூடினால் வணக்கம் ஆகிவிடுமா?

கேள்வி: கோயிலில் தலைக்கு மேல் கைகூப்புகிறோம், தெரிந்தவர்களைக் கண்டால் மார்புக்கு நேரே. ஏன் இந்த வேறுபாடு? என் மகன் ஒரு கையில் கைபேசியும் மறு கை நெஞ்சிலுமாக நின்று 'வணக்கம்' என்கிறான். இது மரியாதைக் குறைவு அல்லவா?
- வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: உயரக் கணக்கு அபிநய தர்ப்பணம் என்ற வடமொழி நாட்டிய நூலில் இருக்கிறது. இரு கைகளும் சேரும் முத்திரைகளில் முதலாவதாக அஞ்சலியை, அதாவது கைகூப்புவதை, சொல்கிறது அந்த நூல். தெய்வத்துக்குத் தலைமேல், குருவுக்கு முகத்தின் நேரே, அந்தணருக்கு மார்பின் நேரே. இன்று எதிரே வரும் எவருக்கும் மார்புக்கு நேரே கூப்புகிறோம். இந்த மாற்றத்தில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டு.

ஆனால் தாயே, கையைவிடச் சொல்லைக் கவனியுங்கள். வணங்கு என்றால் வளை. திருக்குறள் 'வில்வணக்கம்' என்கிறது. அங்கே வளைவது வில்! பகைவரின் சொல்வணக்கத்தை நம்பாதே, வில் வளைவது தீங்கு செய்யவே என்பது 827ஆம் குறள். அடுத்த குறள் இன்னும் கூர்மை: தொழுத கைக்குள்ளும் படை ஒளிந்திருக்கும். 1948 ஜனவரி 30 மாலை, பிரார்த்தனைக்கு நடந்துவந்த காந்தியடிகளை வணங்கிவிட்டுத்தான் கொலையாளி சுட்டான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். வடமொழி 'நமஸ்தே'யும் உனக்குப் பணிகிறேன் என்பதுதான். அதன் வேரிலும் வளைவே இருக்கிறது.

என் தந்தை விவசாயி. அறுப்புக் காலத்தில் தலையில் நெற்கட்டோடு வரப்பில் வருவார். கட்டைப் பிடித்திருக்கும் கையை எடுக்க முடியாது. தலையைக் குனிந்தால் கட்டு சரிந்துவிடும். எதிரே வயதானவர் யாராவது வந்தால் சட்டென்று வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நிற்பார். அவர் கடந்து போன பிறகே மேலே ஏறுவார். ஒருமுறை கிழிந்த சேலை கட்டிய பாட்டி ஒருத்திக்காக முழங்கால் அளவு சேற்றில் நின்றார். "ஏறி வாப்பா, பார்த்துப் போ" என்று பாட்டி பதறியதும், "நீங்க போங்க ஆத்தா" என்று இவர் சொன்னதும் இன்னும் என் காதில் இருக்கின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தேன். 'வணக்கம்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போதெல்லாம் மாணவர்களுக்கு அந்தச் சேற்றைத்தான் காட்டினேன்.

வகுப்பில் நுழைந்ததும் "வணக்கம் ஐயா" என்று ராகமாக ஒலிக்கும். பாதிப் பேர் கண்கள் புத்தகப் பைக்குள் இருக்கும். அவர்கள் நிமிரும்வரை நான் பதில் வணக்கம் சொன்னதில்லை.

ஆகவே ஒற்றைக் கைக்காக மகனைக் கடிந்துகொள்ளாதீர்கள். கையில் பையோ குழந்தையோ இருந்தால் நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்துவதே போதுமானது. கைபேசி மட்டும் அப்படிப்பட்ட சுமை அல்ல. அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து வணங்கச் சொல்லுங்கள்.