எந்தக் குந்தவை?

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' குந்தவைதான் ஒரிஜினல் குந்தவையா? நந்தினி, பூங்குழலி எல்லாம் நிஜமா, கதையா?

பதில்: 'ஒரிஜினல்' என்று கேட்டுவிட்டீர்களே! இந்த வார்த்தையைக் கண்டாலே எனக்குக் கடைத்தெரு ஞாபகம்தான் வரும். ஒரு கடை நன்றாக ஓடினால் பக்கத்துக் கடைக்காரர் 'ஒரிஜினல்' என்று போர்டு மாட்டுவார். எதிர்க்கடைக்காரர் 'பழைய ஒரிஜினல்' என்பார். நிஜமான முதல் கடைக்காரரோ 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று எழுதி வைத்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்.

குந்தவைக்குப் போர்டு மாட்டப் போனால் சோழர் வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். ராஜராஜனின் அக்கா குந்தவை. அவன் தன் மகளுக்கும் அத்தை பெயரையே வைத்து, வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கட்டிக்கொடுத்தான். அந்த மகளின் பேரன்தான் முதல் குலோத்துங்கன். அவன் தங்கைக்கு என்ன பெயர்? பாட்டி பெயர்தான்!

1950-இல் தொடர்கதையைத் தொடங்கிய கல்கி எடுத்துக்கொண்டது அக்காவை. 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று அவரைப் பற்றிக் கல்வெட்டில் ஒரு வரி இருக்கிறது. அந்தக் காதல் ஐந்து பாகத்துக்கு ஓடியதற்கு அந்த ஒரு வரிதான் முதலீடு.

அக்கா லேசுப்பட்டவர் இல்லை. பெரிய கோயிலில் ராஜராஜன் கல்லில் வெட்டச் சொன்ன உத்தரவு, 'நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று போகிறது. தனக்கு அடுத்து அக்கா. ராணிகளெல்லாம் அப்புறம்தான். அன்று ராத்திரி அந்தப்புரத்தில் என்ன சத்தம் கேட்டதோ, அதை யாரும் கல்லில் வெட்டவில்லை.

இந்த 'அக்கன்' விஷயத்தில் எனக்கு ஒரு பழைய தகராறு உண்டு. பல வருஷத்துக்கு முன் இதை ஒரு கட்டுரையில் எழுதினேன். புரூஃப் பார்த்தவர் 'அக்காள்' என்று திருத்தினார். நான் அடித்துவிட்டு மறுபடியும் 'அக்கன்' என்று எழுதினேன். அவர் ரொம்ப யோசித்து 'அண்ணன்' ஆக்கிவிட்டார். அப்படியே அச்சாகியும் விட்டது. கோயில் கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே கொலையுண்ட ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன், அதே கோயிலுக்கு நகை கொடுத்த செய்தியை உலகுக்கு முதலில் அறிவித்தது எங்கள் பத்திரிகைதான்.

ஆதித்தன் என்றதும் நந்தினி வந்தாக வேண்டுமே. அவர் கல்கியின் கற்பனைதான், பூங்குழலியும் அப்படியே. ஆதித்தனைக் கொன்ற துரோகிகளை உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லியே காட்டுகிறது. சோமன் இருக்கிறான், ரவிதாசன் இருக்கிறான். எல்லாரும் ஆண்கள். ஆனால் ஆண்கள் செய்த கொலைக்கும் பின்னால் ஓர் அழகி நின்றால்தானே நமக்குத் திருப்தி! கல்வெட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு வாரா வாரம் 'தொடரும்' போட வேண்டியதில்லை.

வேடிக்கை பாருங்கள், கதையில் பிறந்த பூங்குழலி இன்று பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் 'உள்ளேன் ஐயா' சொல்கிறாள். நிஜமாக வாழ்ந்த குந்தவையின் பெயரை வைக்கத்தான் ஆள் குறைவு. என் புரூஃப்காரர்கூடத் தன் மகளுக்குப் பூங்குழலி என்றுதான் பெயர் வைத்தார். பெயர்சூட்டு விழா அழைப்பிதழை அவரே புரூஃப் பார்த்தார். 'பூங்குளவி' என்று வந்திருந்தது.