மகள் மெஷின் ஓட்டப் போவதில்லை, ஐயா

வணக்கம் ஐயா,

உங்கள் மகள் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. மூலக்கூறுகளை எடை போட்டுப் பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியை வைத்துப் புரதங்களை ஆராயப் போகிறேன் என்கிறாள். "கடைசியில் லேபில் மெஷின் ஓட்டுகிற வேலைதானே, பேசாமல் பி.எட். படிக்கலாமே" என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த வேலை என்னவென்று ஒரு உதாரணம் சொல்கிறேன். முட்டை வெள்ளைக்கருவில் லைசோசைம் என்ற புரதம் உண்டு, எடை சுமார் 14,305 டால்டன் (ஒரு டால்டன் ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை). அதை மெஷினுக்குள் பதமாகத் தெளித்தால், எட்டு மின்னூட்டம் ஏறிய அயனி வரைபடத்தில் 1789 என்ற இடத்தில் ஒரு முகடாகத் தெரியும். மெஷின் காட்டுவது எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண். இப்போது 628 டால்டன் எடையுள்ள ஒரு சிறிய சர்க்கரையைச் சேர்க்கிறோம். அது புரதத்தில் ஒட்டினால் 1868-ல் புது முகடு எழும். மருந்து மூலக்கூறு ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான்.

எங்கே ஒட்டியது? அதற்குக் கனநீரில் ஊறவைப்பார்கள். புரதம் தன் ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதிலுள்ள கனமான ஹைட்ரஜனை, அதாவது டியூட்டீரியத்தை, வாங்கிக்கொண்டு எடை கூடும். ஒட்டிய மூலக்கூறு மறைத்திருக்கும் பகுதி மட்டும் மெதுவாக வாங்கும். அமிலம் சேர்த்து பிஎச் 2.5-க்கு இறக்கி, பனிக்கட்டிக் குளிரில் இந்த மாற்றத்தை நிறுத்த வேண்டும். அப்புறமும் தாமதித்தால் வாங்கிய டியூட்டீரியம் கழன்றுவிடும்.

இதில் பட்டன் அழுத்துவது சின்ன வேலை. புரதம் வழக்கமாக உப்புக் கரைசலில் இருக்கும். மெஷினுக்கு உப்பு ஆகாது, எளிதில் ஆவியாகிவிடும் அம்மோனியம் அசிடேட் கரைசலுக்கு மாற்ற வேண்டும். சர்க்கரையை அளவுக்கு மேல் கொட்டினால், தெளித்த துளி உலரும்போது சும்மாவே ஒட்டிக்கொள்ளும். முகடு வந்துவிட்டதே என்று குதிக்காமல், அது நிஜமா என்று சந்தேகப்படத் தெரிய வேண்டும். சம்பளம் அந்தச் சந்தேகத்துக்குத்தான்.

பிரிட்டிஷ் வேதியியலாளர் கரோல் ராபின்சன் 16 வயதில் பள்ளியை விட்டு, பைசர் மருந்து நிறுவனத்தில் டெக்னீஷியனாக இதே மெஷினில் வேலை பார்த்தவர். குழந்தைகளுக்காக எட்டு வருடம் வேலையை விட்டிருந்தார். 2001-ல் கேம்பிரிட்ஜின் முதல் பெண் வேதியியல் பேராசிரியர் ஆனார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலும் அப்படியே. எல்லோருக்கும் இப்படி அமையாது என்பது எனக்கும் தெரியும்.

சரி, வழி. எம்.எஸ்சி.க்கு ஐஐடி போன்ற இடங்களில் சேர ஜாம் நுழைவுத் தேர்வு எழுதட்டும். பிஎச்.டி. என்றால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். ஐந்து வருடம் பிடிக்கும். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் ஹைதராபாத், பெங்களூரு மருந்து நிறுவனங்களின் பகுப்பாய்வு லேப்கள் இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் சிறு மூலக்கூறுகள்தான், புரத வேலை குறைவு. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, மறைக்க விரும்பவில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: மாணவர்களே மெஷினைத் தொடுவார்களா, சாம்பிளைக் கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வாங்குவார்களா? நான் அனுப்பிய ஒரு பையன் படித்த இடத்தில் மெஷின் இரண்டு வருடமும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பூட்டியே இருந்தது. இன்டர்வியூவில் உப்பைப் பற்றிக் கேட்டார்கள், விழித்தான். விசாரிக்காமல் அனுப்பியது என் தப்பும்தான்.

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன, இரண்டு மாதம் நல்ல லேபில் இருக்கலாம். அதற்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அவளை நன்றாகத் தெரிந்த ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.