மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் ஆங்கில இலக்கணம், பணிவு, கார்பஸ் (மொழித் தரவகம்) என மூன்றிலும் ஆய்வு செய்திருக்கிறார். எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

'மஸ்ட்' என்ற ஒரு சொல்லிலிருந்து தொடங்குங்கள். மூன்றும் அங்கே ஒன்றுகூடுகின்றன. நான் லீச்சிடம் போய்ச் சேர்ந்ததும் அந்தச் சொல்லால்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரிட்டனில் இருந்த சக ஊழியர் ஒருவருக்கு "ப்ளீஸ், யூ மஸ்ட் சென்ட் த ஃபைல் பை ஃப்ரைடே" என்று மின்னஞ்சல் அனுப்பினேன். கோப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் மனம் புண்பட்டிருந்தார் என்பது பிறகு இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை, 'ப்ளீஸ்' கூடப் போட்டிருந்தேன். எங்கே தவறினேன் என்று பல நாள் புரியவில்லை.

லீச் 1936இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் பிறந்தவர். 1969இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார், அடுத்த ஆண்டே கார்பஸ் வேலையைத் தொடங்கினார். கார்பஸ் என்பது, மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் கணினியில் தேடும்படி சேர்த்து வைக்கும் மொழித் தரவகம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் அப்போதே ஒன்று இருந்தது: 1961இல் அச்சானவற்றிலிருந்து 500 பகுதிகள், பகுதிக்குச் சுமார் 2,000 சொற்கள், ஆக மொத்தம் 10 லட்சம். அதே ஆண்டு, அதே அளவு, அதே வகைகள் என்று பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு ஒன்றை உருவாக்க லீச்சின் குழு முனைந்தது. நார்வேயின் ஆஸ்லோவும் பெர்கனும் கைகொடுத்து, 1978இல்தான் வேலை முடிந்தது. மூன்று ஊர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'லாப்' என்பார்கள்.

எட்டு வருட உழைப்பின் அருமை பின்னால்தான் தெரிந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில், 1991இல் வெளியான பிரிட்டிஷ் எழுத்துகளை அதே அச்சில் வார்த்து இன்னொரு கார்பஸ் செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தபோது, அந்த 30 ஆண்டுகளில் 'மஸ்ட்' ஏறக்குறைய 29 சதவீதம் குறைந்திருந்தது. 'ஷல்' 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருந்தது. 'நீட் டு' மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஆங்கில வகுப்புகளில் ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்யப்படும் துணைவினைகள் இவை. அந்தப் பட்டியலுக்குள்ளேயே இவ்வளவு நடந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய வியப்பு.

சரி, ஏன் குறைந்தது? எண்ணிக்கை மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. இங்கேதான் பணிவு பற்றி அவர் யோசித்தது உதவுகிறது. பேச்சு அதன் சூழலில் எப்படிப் பொருள் தருகிறது என்று ஆராயும் துறை பயன்வழியியல். 1983இல் வந்த அவருடைய பயன்வழியியல் நூல் பணிவுக்கு ஆறு நெறிகளைச் சொல்கிறது. முதல் நெறிக்கு 'இங்கிதம்' என்ற நம் சொல் அப்படியே பொருந்தும்: கேட்பவருக்கு வரும் சுமையைக் குறை, அவருக்குக் கிடைக்கும் நன்மையைக் கூட்டு. பணிவு ஒரு சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. யாருக்குச் சுமை, யாருக்கு நன்மை என்பதைப் பொறுத்தது. "யூ மஸ்ட் ரீட் திஸ் புக்" என்று நண்பரிடம் சொன்னால் அது அன்பு, ஏனென்றால் நன்மை அவருக்கு. நான் கேட்ட கோப்பில் நன்மை எனக்கு, சுமை அவருக்கு. அதே 'மஸ்ட்' அங்கே அதிகாரமாகிவிட்டது. 'ப்ளீஸ்' அதைக் காப்பாற்றவில்லை.

'நீட் டு' ஏறியதற்கும் இந்த வழியில் ஒரு விளக்கம் உண்டு. அது கட்டாயத்தைச் சொல்பவரின் அதிகாரத்திலிருந்து எடுத்து, கேட்பவரின் தேவை போலக் காட்டுகிறது. அதிகாரத்தை வெளிப்படையாகக் காட்டக் கூச்சப்படும் சமூகத்தில் 'மஸ்ட்' பின்வாங்குகிறது என்பது லீச்சும் அவருடைய கூட்டாளிகளும் முன்வைத்த காரணங்களில் ஒன்று. எனக்கு இது சரியென்றே படுகிறது.

நெறிகளை இப்படிப் பட்டியலிட்டுக்கொண்டே போனால் எல்லையே இருக்காது என்று அவரை விமர்சித்தவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. 2014இல், அவர் இறந்த ஆண்டில் வந்த பணிவு பற்றிய நூலில், எல்லாவற்றையும் ஒரே பொது உத்திக்குள் கொண்டுவந்தார். முப்பது வருடம் கழித்து, தன் கோட்பாட்டைத் தானே திருத்தி எழுதிய அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம், குவர்க், கிரீன்பாம், ஸ்வார்ட்விக் ஆகிய மொழியியலாளர்களுடன் அவர் எழுதிய 1985ஆம் ஆண்டு இலக்கணம் 1,700 பக்கங்களைத் தாண்டும். அதைத் தொடர்ந்து படிக்க முயலாதீர்கள், சந்தேகம் வரும்போது புரட்டினால் போதும். தற்கால ஆங்கிலத்தின் மாற்றம் பற்றி 2009இல் அவர் மூவருடன் சேர்ந்து எழுதிய நூலில் துணைவினைகளுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள், பிறகு 1983 நூலுக்குப் போங்கள். அந்த வரிசையில் படித்த பிறகுதான் என் மின்னஞ்சல் அந்தச் சக ஊழியரின் காதில் எப்படி ஒலித்தது என்பது எனக்குப் புரிந்தது.