மண்டபத்துக்கு முன்னால் மொய் நோட்டு

கேள்வி: என் தங்கைக்கு வரன் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு காங்கேயம் பக்கம். தை மாதத்தில் முகூர்த்தம் வைக்கலாம் என்கிறார்கள். அப்பா இரண்டு வருடங்களுக்கு முன் தவறிவிட்டார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன்; கையில் எட்டு லட்சம் ரூபாய் இருக்கிறது. பெரியப்பா, "முதலில் மண்டபத்தைப் பிடி" என்கிறார். அம்மா நகைதான் முதலில் என்கிறார். "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா சொல்வதும் அம்மா சொல்வதும் செய்ய வேண்டிய வேலைகள்தான். ஆனால் இரண்டுமே முதல் வேலை அல்ல. முதல் வேலைக்குப் பணமே தேவையில்லை. உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பழைய மொய் நோட்டுகளை எடுத்து அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். தங்கையின் திரட்டிச் சீருக்கு, அதாவது மஞ்சள் நீராட்டு விழாவுக்கு, எழுதியது, வீடு குடி புகுந்தபோது எழுதியது என்று இரண்டு மூன்றாவது இருக்கும். அவற்றில் உறவு முழுவதும் ஊர் வாரியாக இருக்கிறது. இறந்தவர்களையும் தொடர்பு விட்டுப்போனவர்களையும் நீக்கி, உங்கள் நண்பர்களையும் தங்கையுடன் படித்தவர்களையும் சேர்த்தால், யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்பது இரண்டு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும். அப்பா இல்லாத வீட்டில், அவர் யார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் போய் நின்றார் என்பது இப்போது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நான் பட்டிருக்கிறேன். என் மகள் திருமணத்துக்கு ஐந்நூறு பேர் என்று மனக்கணக்காகச் சமையல்காரரிடம் சொன்னேன். முந்தின நாள் இரவு வரவேற்புக்கே எழுநூறு இலை விழுந்தது. கடைசிப் பந்திக்கு ரசமும் மோரும்தான் மிஞ்சின. மறுநாள் மதியமோ இரண்டு அண்டா சோறு அப்படியே நின்றது. நம் பக்கத்தில் பெரும்பாலோர் மாலையிலேயே வந்து மொய் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதிகாலை முகூர்த்தத்துக்கு நெருங்கிய உறவுதான் வரும். ஆகவே இரவு, காலை, மதியம் என்று மூன்று வேளைக்கும் தனித்தனியாக இலைக் கணக்குப் போடுங்கள். இலைக்கு இவ்வளவு என்று பேசினாலும் சரி, மளிகை நாம் வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசினாலும் சரி, அந்தக் கணக்கு இல்லாமல் எந்தப் பேரமும் படியாது.

அந்த மொய் நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, பெரும்பாலும் தாய்மாமன் பெயர்தான் இருக்கும். இரண்டாவது வேலை அவரை அழைப்பது. "நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்ற வார்த்தைக்குப் பெருந்தன்மை என்றும் பொருள் கொள்ளலாம், ஐம்பது பவுன் என்றும் பொருள் கொள்ளலாம்; உங்கள் அம்மா இரண்டாவதை எண்ணித்தான் உறங்காமல் இருக்கிறார். இதை ஊகித்துக்கொண்டு கடன் வாங்காதீர்கள். நிச்சயத்துக்கு முன்பே, மாமாவும் பெரியப்பாவும் காங்கேயம் போய், "எங்களால் இத்தனை பவுன் போட முடியும், மண்டபம் யார் ஊரில், அந்தச் செலவு யாருடையது, சாப்பாட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமா" என்று நேராகப் பேசிவிட்டு வரட்டும். நீங்கள் பேசினால் பேரம் போலத் தெரியும். பெரியவர்கள் பேசினால் அது சம்பந்தப் பேச்சு. அங்கே தொகையாகவோ காராகவோ கேட்டால், 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதே குற்றம் என்பதை நினைவில் வைத்து, இந்தச் சம்பந்தம் வேண்டுமா என்றே யோசியுங்கள்.

மண்டபம் இதற்குப் பிறகுதான். மார்கழி முழுவதும் திருமணம் இல்லாததால் தை முகூர்த்தங்களுக்கு நெரிசல் அதிகம்; எனவே ஜோசியரிடம் ஒரே நாளை வாங்காமல் மூன்று நாட்களைக் குறித்து வாங்குங்கள். மேடை அலங்காரத்தைப் பார்த்து மயங்காமல் சாப்பாட்டுக் கூடத்தைப் பாருங்கள்: ஒரு பந்திக்கு நூற்றைம்பது பேர் உட்காரும் இடத்தில் அறுநூறு பேருக்கு நான்கு பந்தி ஆகும். வாடகை எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், பாத்திரம், துப்புரவு ஆகியவை வாடகையில் அடங்குமா என்று கேட்டு, முன்பண ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். காங்கேயத்தில் மண்டபம் என்றால் கோபியிலிருந்து சொந்தங்களை அழைத்துப் போகும் பஸ் வாடகையையும் கணக்கில் சேருங்கள். உங்கள் வழக்கத்தில், கல்யாணச் சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரர் சீர் செய்வதாக இருந்தால், தேதி முடிவான அன்றே அவரிடம் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிடுங்கள். முறை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், ஒரே முகூர்த்தத்தில் அவரை நான்கு வீடுகள் தேடும்.

எட்டு லட்சத்தில் எண்பதாயிரத்தைத் தனியே எடுத்து அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்; எதிர்பாராத செலவு வராத திருமணத்தை நான் பார்த்ததில்லை. நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். சேதாரத்தை இரண்டு கடைகளில் ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள். பூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைவதால், தை முகூர்த்தத்தன்று சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் அதன் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். மேடைக்குச் சம்பங்கியும் செவ்வந்தியும் போதும். மல்லிகையைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் 150 நாட்கள் வரை பதியலாம். அதற்குத் திருமணப் பத்திரிகை ஒன்று தேவைப்படும். எல்லாவற்றையும் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தேடாமல், ஒன்றை மண்டப ரசீதோடு சேர்த்துப் புது மொய் நோட்டுக்குள் செருகி வையுங்கள்.